பன்னிரண்டாம் நாள் கையெழுத்து

1976 ஜூலை 23ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் ரேடியோ ஷாக் கடைக்கு ஒரு காசோலை எழுதினார். தொகை 4 டாலர் 1 சென்ட். வயரோ பேட்டரியோ வாங்கியிருப்பார். 2023 டிசம்பரில் அதே காசோலை 46,063 டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 38 லட்சம் ரூபாய். காசோலையில் அச்சடித்திருக்கும் முகவரி பாலோ ஆல்டோ, வெல்ச் ரோடு, 770. ஏதோ பெரிய ஆபீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். தபால் வாங்கி வைப்பதற்கும் டெலிபோன் வந்தால் எடுத்துப் பேசுவதற்கும் வாடகைக்குப் பிடித்த முகவரி அது. வேலையெல்லாம் ஜாப்ஸ் வீட்டு கராஜில்தான் நடந்தது.

இந்தச் செய்தியை வாசித்ததும் எனக்கு வந்த கேள்வி விலையைப் பற்றியது இல்லை. வங்கிக்குப் போய்ப் பணமாகிவிட்ட காசோலை எப்படி மறுபடி வெளியே வந்தது? நம் ஊரில் பாஸான செக்கை வங்கியே வைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் அப்போது வேறு வழக்கம். பணம் கொடுத்து முடித்த காசோலைகளில் ரத்து முத்திரை குத்தி, மாதக் கணக்கோடு சேர்த்து எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவையெல்லாம் கணக்குப்பிள்ளையின் அட்டைப்பெட்டிக்குள் போய்க் கிடக்கும். கம்பெனி இடம் மாறும்போது பெட்டியும் மாறும், இல்லையென்றால் குப்பைக்குப் போகும். 2004 அக்டோபரில் அமலுக்கு வந்த ஒரு சட்டம், அசல் தாளுக்குப் பதிலாக அதன் படத்தை வைத்தே வங்கிகள் கணக்குத் தீர்க்கலாம் என்றது. அதன்பின் காகிதம் பயணம் செய்வது மெல்ல நின்றுபோனது. ஆகவே நம் தலைமுறை தொடங்கிய கம்பெனிகளிடம் இப்படி ஒரு பெட்டி இருக்கப்போவதில்லை.

தொழில்நுட்ப நிறுவனங்களின் ஆரம்பகாலக் காகிதங்களைச் சேர்ப்பவர்கள் உலகத்தில் ஜாப்ஸின் கையெழுத்துக்குத் தனி மரியாதை. காரணம் எளிது, அவர் லேசில் போடமாட்டார். போட்டாலும் பெயரை முழுக்கச் சிறிய எழுத்தில், பெரிய எழுத்தே கலக்காமல் எழுதுவார். 1983இல் ஒருவர் ஆட்டோகிராஃப் கேட்டு எழுதிய கடிதத்துக்கு, நான் ஆட்டோகிராஃப் போடுவதில்லை என்று டைப் அடித்துப் பதில் அனுப்பினார். அனுப்பியவர் அடியில் கையெழுத்தும் போட்டிருந்தார். அந்த மறுப்புக் கடிதம் 2021இல் 479,939 டாலருக்கு விற்றது. பாவம், மனிதர் மறுத்துத்தான் பார்த்தார்.

என்னிடம் அப்படி எதுவும் கிடையாது. நான் சம்பளக்காரன். ஆனால் இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் இணையத்தில் ஒரு பழைய கணினி கம்பெனியின் பங்குப் பத்திரத்தை வாங்கினேன். ஓரமெல்லாம் பூ வேலைப்பாடு, நடுவில் சாய்ந்த எழுத்தில் அழகான கையெழுத்து. தலைவர் கையால் போட்டது என்று விற்றவர் சொன்னார். தபாலில் வந்ததும் அப்பாவிடம் காட்டினேன். அப்பா மதுரையில் பிரஸ் வைத்திருந்தவர். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இன்றைக்கும் அவர் மேசை டிராயரில் உண்டு. கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு அரை நிமிடத்தில் சொன்னார்: "இது பிளேட்ல இருந்து வந்ததுடா. பேனா மை தாளோட நாருக்குள்ள ஊறும். அச்சு மை மேல உக்காந்துக்கும். பாரு, ஓரம் எவ்வளவு சுத்தமா நிக்குது." பங்குப் பத்திரங்களில் அதிகாரிகளின் கையெழுத்தை அச்சடிப்பதுதான் வழக்கம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆயிரக்கணக்கான பத்திரத்தில் யார் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள்! புதிதாகச் சேர்க்க வருகிறவர்கள் எல்லோரும் விழும் பள்ளம் அது.

அதற்குப் பிறகு பத்திரத்தை விட்டுவிட்டேன். ஒரு மனிதர் கையில் பேனாவை எடுத்து, யோசித்து, அழுத்திப் போட்ட கையெழுத்துகளைப் பற்றி மட்டும் வாசிக்கத் தொடங்கினேன்.

அதில் மிகப் பழைய, மிக வேடிக்கையான ஒன்று 1957ஆம் வருடத்தது. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லியிடம் வேலை பார்த்த எட்டு இளைஞர்கள் அவரோடு ஒத்துப்போக முடியாமல் வெளியேறத் தீர்மானித்தார்கள். ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் எல்லாம் அதில் உண்டு. நியூயார்க்கிலிருந்து வந்த ஆர்தர் ராக், பட் கோயில் என்ற இரண்டு முதலீட்டுத் தரகர்கள் சான் ஃப்ரான்சிஸ்கோவின் கிளிஃப்ட் ஹோட்டலில் அவர்களைச் சந்தித்தார்கள். பேச்சு முடிந்தது, ஆனால் ஒப்பந்தம் எதுவும் எழுதிக்கொண்டு வரவில்லை. கோயில் புத்தம் புதிய ஒரு டாலர் நோட்டுகள் பத்தை எடுத்து மேசையில் வைத்தார். எட்டுப் பேர், தரகர்கள் இருவர், ஆகப் பத்துப் பேரும் பத்து நோட்டிலும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் அதிலிருந்துதான் பிறந்தது. சிலிக்கான் பள்ளத்தாக்கின் பாதிக் கம்பெனிகளுக்குப் பாட்டன் அது. கோர்ட்டுக்குப் போனால் அந்த நோட்டுக்கு ஒரு டாலர் மதிப்புதான். நட்பின் பேரில் போட்ட கையெழுத்து, ஒருவருக்கும் அதனால் வீடு போகாது.

போகக்கூடிய கையெழுத்து வேறு வகை. அந்த வகையில் உலகத்திலேயே பிரபலமானது 1976 ஏப்ரல் 1ஆம் தேதி போடப்பட்ட ஆப்பிள் கம்ப்யூட்டர் கம்பெனியின் கூட்டு ஒப்பந்தம்.

மூன்று பக்கம், மூன்று பேர். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வயது 21, ஸ்டீவ் வாஸ்னியாக்குக்கு 25, ரொனால்ட் வெய்னுக்கு 41. வெய்ன் அட்டாரி கம்பெனியில் வரைபடப் பிரிவில் இருந்தவர், ஜாப்ஸுக்கு அங்கேதான் பழக்கம். வாஸ்னியாக் அப்போது எச்பியில் பொறியாளர். தன் சர்க்யூட் யோசனைகளை ஒரே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட அவருக்கு மனமில்லை. எச்பி வேலையிலும் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். ஜாப்ஸால் அவரை அசைக்க முடியவில்லை. வெய்னிடம் அழைத்துப் போனார். வயதில் மூத்தவர், நிதானமாகப் பேசுகிறவர். முக்கால் மணி நேரத்தில் வாஸ்னியாக் சம்மதித்துவிட்டார். உடனே வெய்ன் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து, வக்கீல் பாஷையில் தனக்குத் தெரிந்ததை வைத்து, ஒப்பந்தத்தைத் தானே அடித்தார். ஜாப்ஸுக்கு 45, வாஸ்னியாக்குக்கு 45, வெய்னுக்கு 10 விழுக்காடு. இளவட்டங்கள் இருவரும் முட்டிக்கொண்டால் தீர்ப்புச் சொல்ல அந்தப் பத்து. யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்றும் இருக்கிறது. 100 டாலருக்கு மேல் கம்பெனிப் பணத்தை ஒருவர் தன்னிச்சையாகக் கொடுக்க முடியாது, மற்றவர் ஒப்புதல் வேண்டும் என்றும் இருக்கிறது. நம் ஊர் பத்திர எழுத்தர் பார்த்தால் குறை சொல்லமாட்டார்.

பன்னிரண்டாம் நாள், ஏப்ரல் 12ஆம் தேதி, வெய்ன் விலகிக்கொண்டார். கம்பெனியோடு தனக்கினி சம்பந்தமில்லை என்று சாந்தா கிளாரா கவுண்டி அலுவலகத்தில் முறையாக எழுதிக் கொடுத்தார். அவர் பங்குக்கு 800 டாலர் கிடைத்தது. பின்னால், எதிர்காலத்தில் எந்த உரிமையும் கோரமாட்டேன் என்பதற்கு 1,500 டாலர்.

இவரை உலகம் எப்படிக் கிண்டல் செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆப்பிளின் மதிப்பு ஏறும்போதெல்லாம் அதில் பத்து விழுக்காட்டைக் கணக்குப் போட்டு வெய்னின் படத்தோடு பகிர்வார்கள். அந்தக் கணக்கே தப்பு. கம்பெனி 1977 ஜனவரியில் முறைப்படி பதிவானது, மைக் மார்க்குலா வந்தார், முதலீட்டாளர்கள் வந்தார்கள், பங்குகள் பிரிந்துகொண்டே போயின. 45 விழுக்காட்டோடு தொடங்கிய ஜாப்ஸிடமே 1980 டிசம்பரில் பங்குச் சந்தைக்குப் போனபோது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் எனக்கு எரிச்சல் தருவது கணக்குப் பிழை இல்லை. கூட்டு ஒப்பந்தம் என்றால் என்ன என்றே தெரியாமல் சிரிக்கிறார்களே, அது.

எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது.

1991இல் அப்பாவும் நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து பிரஸ் ஆரம்பித்தார்கள். ஆளுக்குக் கால் பங்கு. முத்திரைத்தாளில் நான்கு பக்கப் பத்திரம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நான்கு கையெழுத்து. மூன்று வருடம் கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும் அடித்து ஒழுங்காக ஓடியது. பிறகு கூட்டாளி ஒருவர் ஒரு செகண்ட் ஹேண்ட் ஆஃப்செட் மிஷினை கம்பெனி பெயரில் கடன் வாங்கி இறக்கினார். போஸ்டர், காலண்டர் என்று பெரிய ஆர்டர்கள் வந்தன, அடித்துக் கொடுத்தோம், காசு வரவில்லை. கடன்காரர்கள் நான்கு பேரையும் பார்த்தார்கள். மூன்று பேர் வாடகை வீட்டுக்காரர்கள். சொந்த வீடு எங்களுக்கு மட்டும்தான்.

1932ஆம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்வது இதுதான்: கம்பெனி செய்யும் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கூட்டாளியும் மற்றவர்களோடு சேர்ந்தும் பொறுப்பு, தனியாகவும் பொறுப்பு. கால் பங்குக்காரன் கால் கடன் கொடுத்தால் போதும் என்று எந்தக் கடன்காரனும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கொடுக்க முடிந்தவனிடம் முழுதையும் கேட்கலாம். 1996இல் வீட்டை விற்றோம். நான் ஒன்பதாம் வகுப்பு. சாமான்களை ஏற்றிய தட்டுவண்டிக்குப் பின்னால் நடந்து வரும்போது அம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: "கையெழுத்துப் போட்டதுக்கப்புறமாவது ஒரு ராத்திரி உக்காந்து யோசிச்சிருக்கலாம்ல."

வெய்ன் பதினொரு ராத்திரி யோசித்தார். அவருக்கு இது புதிதில்லை. அதற்குச் சில வருடங்கள் முன் லாஸ் வேகாஸில் சூதாட்ட இயந்திரங்கள் செய்யும் தொழில் தொடங்கி நொடித்து, அந்தக் கடனையெல்லாம் தன் கையிலிருந்து அடைத்தவர். இப்போது பைட் ஷாப் என்ற கடை 50 போர்டுகள் வேண்டும் என்று கேட்டிருந்தது, ஒன்றுக்கு 500 டாலர். உதிரிபாகம் வாங்க ஜாப்ஸ் சுமார் 15,000 டாலர் கடனுக்கு ஏற்பாடு செய்தார். கடை பணம் தராவிட்டால் யாரிடம் வருவார்கள்? ஜாப்ஸிடமும் வாஸ்னியாக்கிடமும் பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை. வெய்னிடம் இருந்தது. உலகப் பொருளாதாரம் ஒருநாள் கவிழ்ந்துவிடும் என்று பயந்து மெத்தைக்குள் தங்கக்காசு ஒளித்து வைத்திருந்த மனிதர் அவர். பத்து விழுக்காடு லாபத்துக்கு, மொத்தக் கடனையும் தலையில் கட்டக்கூடிய காகிதம். அதைத் தன் கையாலேயே டைப் அடித்திருந்தார்.

அவரைப் பற்றி நான் மிகவும் விரும்பும் விவரம் வேறொன்று. தபால்தலையும் நாணயமும் சேர்ப்பவர், பிற்பாடு தபால்தலைக் கடையே நடத்தியவர். பழைய காகிதத்துக்கு விலை உண்டு என்று ஒப்பந்தம் போட்ட மூவரில் நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். அவரே 1990களின் தொடக்கத்தில் தன்னிடமிருந்த ஒப்பந்தத்தை 500 டாலருக்கு விற்றுவிட்டார். 2011 டிசம்பர் 13ஆம் தேதி, ஜாப்ஸ் இறந்து இரண்டே மாதத்தில், நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் அது வந்தது. ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் டாலர் வரை போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 1,594,500 டாலர், எட்டு கோடி ரூபாய்க்கு மேல். பங்கை விட்டதற்கு வருந்தவில்லை, அந்தக் காகிதத்தை விற்றதற்குத்தான் வருத்தம் என்று வெய்ன் சொல்லியிருக்கிறார். சேர்ப்பவர்களுக்கு மட்டும் புரியும் வருத்தம்!

அந்த ஏலத்தில் ஒப்பந்தம் தனியாக விற்கவில்லை. வெய்ன் விலகிய காகிதங்களும் அதே கட்டில் சேர்ந்தே போயின. செய்திகளில் எல்லாம் முதல் மூன்று பக்கத்தின் படம்தான் வந்தது. என்னைக் கேட்டால், எட்டு கோடியில் பாதியை அந்த விலகல் காகிதத்துக்கே கொடுக்கலாம். சேர்வதற்குப் போட்ட கையெழுத்தில் ஆசை தெரிகிறது, எல்லாக் கம்பெனியிலும் அது உண்டு. பயத்தைப் பதிவு செய்த கையெழுத்துகள்தான் அபூர்வம். தோற்ற கம்பெனிகளில் அதை யாரும் பாதுகாப்பதில்லை, ஜெயித்த கம்பெனிகளில் யாரும் காட்டுவதில்லை.

இப்படிப்பட்ட காகிதங்கள் தனியார் பெட்டகத்துக்குப் போகலாமா, பொது ஆவணக் காப்பகத்தில் அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்கலாம். நானும் அந்தக் கட்சிதான், முன்பு தீவிரமாகவே. ஆப்பிள் 1997இல் தன் பழைய ஆவணங்களை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டது, ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் எச்பியின் கதை வேறு. வில்லியம் ஹியூலெட், டேவிட் பேக்கார்ட் இருவரின் கடிதங்களும் உரைகளும் குறிப்புகளும் 100க்கும் மேற்பட்ட பெட்டிகளில் இருந்தன. கம்பெனி பிரியப் பிரியப் பெட்டிகள் கைமாறி, எச்பியிலிருந்து அஜிலென்டுக்கும் பிறகு கீசைட்டுக்கும் போய், சாண்டா ரோசாவில் அதன் வளாகத்தில் ஒரு சாதாரணக் கட்டடத்தில் கிடந்தன. 2005இல் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர் என்று மதிப்பிடப்பட்டவை. 2017 அக்டோபரில் டப்ஸ் காட்டுத்தீ மலையிறங்கி வந்தபோது எல்லாம் சாம்பலாகிவிட்டன. எண்பது வருட வரலாறு ஒரு ராத்திரியில். அதில் நாலு கடிதத்தை எவனாவது ஏலத்தில் எடுத்துத் தன் வீட்டுப் பீரோவில் பூட்டியிருந்தால் இன்றைக்கு அந்த நாலாவது இருக்கும். அதிலிருந்து சேர்ப்பவர்களைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன்.

என் பீரோவிலும் கொஞ்சம் இருக்கிறது. 2014இல் ஆபீஸ் என்னை எட்டு மாதம் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பியது. குப்பர்டினோவில் டி ஆன்சா கல்லூரியின் வண்டி நிறுத்துமிடத்தில் அப்போது மாதம் ஒரு சனிக்கிழமை பழைய சாமான் சந்தை கூடியது. அங்கே ஒரு பெரியவரிடம் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு ரத்தான காசோலைகளை 7 டாலருக்கு வாங்கினேன். 1982 முதல் 1984 வரை, இருநூறுக்கும் மேல். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. மெமரி போர்டு செய்து விற்றிருப்பார்கள் என்று காசோலை வாங்கியவர்களின் பெயர்களை வைத்து ஊகிக்கிறேன். கையெழுத்துப் போட்ட இருவரும் பிரபலமாகவில்லை, சந்தையில் இதற்கு விலையும் கிடையாது.

ஒரு விடுமுறையில் எல்லாவற்றையும் தேதிவாரியாகத் தரையில் அடுக்கினேன். முதல் வருடம் ஐந்து பேருக்குச் சம்பளம். பெரிய தொகை என்றால் கீழே இரண்டு கையெழுத்து. 1983 கோடையில் இரண்டு கூட்டாளிகளில் ஒருவருக்கு ஒரே தடவையாக ஒரு தொகை போகிறது. அதற்கப்புறம் எவ்வளவு பெரிய காசோலையானாலும் ஒற்றைக் கையெழுத்துதான். சில வாரம் கழித்து மிஞ்சியவர் தன் சம்பளத்தை நிறுத்திக்கொள்கிறார். மற்றவர்களுக்கு நிறுத்தவில்லை. ஐந்து மூன்றாகி, மூன்று இரண்டாகி, கடைசிக் காசோலை கட்டட உரிமையாளருக்கு. கையெழுத்து அப்போதும் கோணவில்லை, முதல் நாள் போட்ட மாதிரியே இருக்கிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இந்தக் கட்டையும் எடுத்துப் போனேன். கூடவே வெய்னின் ஒப்பந்தம், விலகல் காகிதம் இரண்டின் படங்களையும் டேப்லெட்டில் அப்பாவுக்குப் பெரிதாக்கிக் காட்டினேன். ஆங்கிலத்தை விரல் வைத்து மெதுவாகப் படித்தார்.

"பன்னெண்டு நாள்லயே எழுதிக் குடுத்துட்டாரா?"

"ஆமாப்பா."

"இத டைப் அடிச்சது யாரு?"

"அவரேதான்."

"சொத்து இருந்துச்சா அவருக்கு?"

"இருந்துச்சுப்பா. மெத்தைக்குள்ள தங்கக்காசுகூட வச்சிருந்தாராம்."

அப்பா சிரித்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா எழுந்து போய், பீரோவில் மஞ்சள் பைக்குள் இருந்த பிரஸ் பத்திரத்தை எடுத்து வந்தார். அந்த நாலு பக்கத்தை அவர் வெளியே எடுத்து நான் பார்த்ததே இல்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, டிராயரிலிருந்து லென்ஸை எடுத்து, தன் கையெழுத்தின் மேல் வைத்துக் குனிந்தார்.

"மை நல்லா ஊறியிருக்குடா," என்றார். "நீயும் பாரு."